பத்தாவது தற்குறி

முதியோர் கல்வி ஆசிரியர் பயிற்சியில் அந்த வருஷம் தேறிய முப்பத்தொரு பேரில் முதலாவதாக வந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கேட்டபிறகு இதற்கு நீங்கள் காது கொடுக்க மாட்டீர்கள்.

என் பெயர் ஜலால். ஊர் விளாங்குடி. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருஷம் துணி கிழித்துக் கொடுத்தேன். எட்டாவது வரை படித்தவன் என்பதால் பார்சலுக்கு விலாசம் எழுதும் வேலையும் என் தலையில்தான் விழும். ஒரு நாள் முதலாளியின் மருமகன் என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது என்றான். பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் அவன். "ஒங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சாத்தான கோழி கிளறுச்சா குருவி கிளறுச்சான்னு தெரியும்" என்றேன். அன்றோடு கடை முடிந்தது. எனக்கு என் வாய்தான் விரோதி. வேறு யாரும் என்னைக் கெடுத்ததில்லை.

ஐந்து மாதம் சும்மா கிடந்தேன். சும்மா கிடக்கிற ஆம்பளைக்கு வீட்டில் என்ன மரியாதையோ அது எனக்கும் கிடைத்தது. என் மனைவி லத்தீபா திட்டமாட்டாள். சோற்றை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பேன்.

அப்போதுதான் முப்பத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில் அந்த நோட்டீஸ் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களே நாட்டில் இருக்கக்கூடாது என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டதாம். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். கல்விச் சங்கம் ஒன்று ஆறு வாரப் பயிற்சி நடத்தும். தேறினால் சர்ட்டிபிகேட். சொந்த ஊரிலேயே மாலை வகுப்பு, மாதச் சம்பளம். எட்டாவது தேறியிருந்தால் போதும், வயது தடையில்லை. வாத்தியார் வேலைக்கு வயது கடந்துபோன என்னைப் போன்றவனுக்கு இனி இப்படி ஒரு கதவு திறக்காது என்று தெரிந்தது. அன்று சாயங்காலமே மனு எழுதினேன். கோழி கிளறாமல், முத்து முத்தாக.

பயிற்சி பசுமலைக்குப் போகும் வழியில் ஒரு கொட்டகையில் நடந்தது. வாடகை சைக்கிளை மிதித்துக்கொண்டு தினமும் ஊரைச் சுற்றிப் போவேன். ஞானாபரணம் என்று ஒருவர்தான் எங்களுக்கு மேற்பார்வையாளர். ஒல்லியான மனுஷர், கோட்டுப் பையில் எப்போதும் சாக்குக்கட்டித் தூள் இருக்கும். நல்லவர். அவரைப் பற்றி மட்டும் கேலியாக ஒன்றும் சொல்ல வரவில்லை.

"அவர்கள் குழந்தைகள் அல்ல. உங்களைவிட அதிகம் உழைத்தவர்கள். 'டா' போட்டுப் பேசினால் மறுநாள் வரமாட்டார்கள். அனா ஆவன்னாவில் ஆரம்பித்தால் தூங்கிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள்" என்பார். மழை, மாடு, கண்மாய் என்று அட்டையில் எழுதி, முழுச் சொல்லைக் காட்டி, அப்புறம் அதைப் பிரித்து எழுத்தைக் காட்டவேண்டும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலை எனக்கு நன்றாக வந்தது.

மாதிரிப் பாடம் என்று ஒன்று தினமும் உண்டு. ஒருத்தன் வாத்தியாராக நிற்பான். மற்ற எல்லோரும் எழுத்தறியாத தற்குறிகளாக நடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். தெரிந்த எழுத்தைத் தெரியாததுபோல் முழிக்கவேண்டும், தப்பாகச் சொல்லவேண்டும், திருத்தினால் மண்டையை ஆட்டவேண்டும். முதல் வாரம் சிரித்தோம். மூன்றாவது வாரத்தில் நாங்கள் எல்லோருமே நல்ல தற்குறிகளாகத் தேறிவிட்டோம். படித்தவன் படிக்காதவனாக நடிப்பதில் ஒரு தப்பும் இல்லை என்று அந்தக் கொட்டகையில்தான் எனக்குப் பழகிப்போனது. ஞானாபரணம் சாரைக் குறை சொல்லவில்லை. என் புத்தி போன போக்கைச் சொல்கிறேன்.

பயிற்சிக்கு இன்னொரு பாதி இருந்தது. ஒவ்வொருத்தனும் தன் ஊரில் பத்துத் தற்குறிகளைப் பிடித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் வகுப்பு நடத்தவேண்டும். பத்துப் பேரும் 'எழுதப் படிக்கத் தெரியாதவன்' என்ற வரிக்கு எதிரே முதல் நாளே கைநாட்டு வைக்கவேண்டும். ஆறு வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து சோதிப்பார். ஆறு பேராவது வாசித்தால்தான் நமக்குச் சர்ட்டிபிகேட்.

விளாங்குடியில் தற்குறிக்கா பஞ்சம் என்று நினைத்தேன். ஆனால் தை மாதம் அறுப்பு மாதம். களத்துமேட்டிலிருந்து வருகிறவனுக்குக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுக்கத்தான் தோன்றும், மழையும் மாடும் எழுதத் தோன்றாது. கெஞ்சிக் கூத்தாடி ஒன்பது பேரைச் சேர்த்தேன். பத்தாவது ஆள் அகப்படவில்லை. மறுநாள் ஞானாபரணம் நோட்டைப் பார்க்க வருகிறார். பத்து இல்லையென்றால் பயிற்சியிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

தவசியிடம் போனேன்.

தவசி என் கூட்டாளி. மேலூர்ச் சந்தைக்கும் மதுரைக்கும் நெல் வண்டி ஓட்டுகிறவன். நாற்பது வயது. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் சாக்கில் அடித்திருக்கும் பெயர்களையும் சுவரில் ஒட்டியிருக்கும் நாடக நோட்டீசையும் பார்த்துப் பார்த்து, வழியில் கிடைத்தவனிடமெல்லாம் கேட்டுக் கேட்டு, தானாக எழுத்துப் படித்தவன். என்னைவிட வேகமாக வாசிப்பான். மாடு தன் போக்கில் நடக்க, வண்டியில் உட்கார்ந்து பழைய பேப்பரை ஒரு வரி விடாமல் வாசித்துக்கொண்டு போவான்.

"ஏன் மாப்ள, எனக்குத்தான் எழுத்துத் தெரியுமே" என்றான்.

"தெரியும்னு எனக்குத் தெரியும். நோட்டுக்குத் தெரியுமா? சும்மா உக்காந்திரு. எங்க கொட்டகையில நாங்க அம்புட்டு பேரும் அப்பிடித்தான் உக்காந்திருக்கோம்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "சரி, கொண்டா. ஒனக்காகத் தற்குறியா ஆயிட்டுப் போறேன்" என்று கட்டைவிரலை நீட்டினான். நான்தான் அந்த விரலில் மையைத் தடவினேன். அவன் பெயருக்கு எதிரே அழுத்தி வைத்தான். இரண்டு பேருக்கும் வேடிக்கையாக இருந்தது.

ஆறு வாரம் அவன் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து நன்றாகவே நடித்தான். இன்ஸ்பெக்டர் சோதிக்க வந்த அன்றுதான் காரியம் கெட்டது. நிஜத் தற்குறிகள் ஒன்பது பேரும் தொப்பிக்காரரைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார்கள். நேற்று வரை 'கண்மாய்' என்று கணீரென்று வாசித்தவன் வாயைத் திறக்கவில்லை. ஐந்து பேர் எப்படியோ தேறினார்கள். மிச்சமிருந்தது தவசி ஒருவன்தான்.

தடவித் தடவி வாசி என்று முன்பே அவனிடம் சொல்லிவைத்திருந்தேன். அவனும் அட்டையைத் தடவித் தடவித்தான் வாசித்தான். ஆறு ஆகிவிட்டது. எனக்குச் சர்ட்டிபிகேட் உறுதி. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "ஏதோ ஒப்பேற்றியிருக்கிறீர்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஜவுளிக்கடை மருமகன் முகம் ஞாபகம் வந்தது. "அய்யா, கையில் இருக்கும் பேப்பரை இவரிடம் கொடுத்துப் பாருங்கள்" என்றேன். தவசி என்னைப் பார்த்தான். வாசி என்று கண்ணால் சொன்னேன்.

அவன் வாசித்தான். தண்ணீர் பட்ட பாடாக ஒரு பத்தி. இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஞானாபரணம் சாரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறே வாரத்தில் ஒரு தற்குறி பேப்பர் வாசிக்கிறான். அப்படித்தான் நான் முதலாவதாக வந்தேன்.

பங்குனியில் மதுரையில் விழா வைத்தார்கள். தவசியை மேடையேற்றி மாலை போட்டார்கள். சங்கத்துச் சிறு புத்தகத்தில் அவன் பெயரை அச்சடித்து, 'ஓர் எழுத்தும் அறியாதிருந்த வண்டிக்காரர்' என்று போட்டார்கள். திரும்பி வரும்போது, "இம்புட்டு பேர் முன்னாடி என்னைய முட்டாளாக்கிட்டியே மாப்ள" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மாலையை மாட்டுக்குப் போட்டான்.

எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் அப்போது ஒரு விஷயம் உறைக்கவே இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் மாயக்காள் என்று ஒரு பொம்பளை. புருஷன் செத்து, பெண் பிள்ளையோடு தாய்மாமன் வீரணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வீரணனுக்குப் பிள்ளை கிடையாது. கை கால் விழுந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தவரை அள்ளிப்போட்டுக் கழுவிவிட்டது அவள்தான். அவருடைய அண்ணன் மகன் முத்திருளன் அந்த இரண்டு வருஷத்தில் வாசலில் வந்து 'எப்படி இருக்கு' என்று கேட்டதோடு சரி. அதனால் வீரணன், தான் பாடுபட்டு வாங்கிய கண்மாய்க்கரை வயலை மாயக்காளுக்கு உயில் எழுதி வைத்தார். முப்பத்தேழிலேயே எழுதியாயிற்று. பத்திரம் எழுதிக் கொடுத்தவர் ஒரு சாட்சி. அவர் வாந்திபேதியில் போய்விட்டார். இன்னொரு சாட்சி தவசி. 'தவசி' என்று கையெழுத்துப் போட்டிருந்தான்.

நாங்கள் விழா கொண்டாடிய மறுமாதம் வீரணன் செத்தார். மாயக்காள் வயலில் ஏர் பூட்டினாள். முத்திருளன் கோர்ட்டுக்குப் போனான். அவனும் அந்த விழாவுக்கு வந்திருந்தவன்தான். தவசிக்கு மாலை விழுந்தபோது கைகூடத் தட்டியிருப்பான்.

முப்பத்தொன்பதில் கைநாட்டு வைத்த தற்குறி, முப்பத்தேழில் எப்படிக் கையெழுத்துப் போட்டான்? இவ்வளவுதான் முத்திருளனின் வழக்கு. உயில் மோசடி, சாட்சிக் கையெழுத்தைப் பின்னால் போட்டிருக்கிறார்கள் என்றான். வகுப்பு நோட்டும் அச்சடித்த புத்தகமும் கோர்ட்டுக்கு வந்துவிட்டன.

தவசி கூண்டில் ஏறி, கூட்டாளிக்காக விளையாட்டாய்க் கைநாட்டு வைத்தேன் என்று உள்ளதைச் சொன்னான். அங்கேயே கையெழுத்துப் போட்டும் காட்டினான். உயிலில் இருந்தது போலவே இருந்தது. முத்திருளனின் வக்கீல் அசரவில்லை. "இப்போது எழுதத் தெரியும் என்பதை நாங்கள் மறுக்கவில்லையே. அதைத்தானே மேடை போட்டுக் கொண்டாடினார்கள்" என்றார். தவசி முன்னாலேயே வாசிப்பான் என்று ஊரில் இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். "உமக்கு வாசிக்கத் தெரியுமா? தெரியாதா? அப்புறம் அவன் வாசித்தானா, வாய்க்கு வந்ததை ஒப்பித்தானா என்று உமக்கு எப்படித் தெரியும்?" என்று வக்கீல் அவர்களை மடக்கினார். கோர்ட்டே சிரித்ததாம். வண்டி ஓட்டுகிறவன் வேறு எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கப் போகிறான்? அவன் வாழ்நாளில் கையெழுத்திட்ட ஒரே காகிதம் அந்த உயில்தான்.

மிச்சம் நான் ஒருவன். நோட்டு என்னுடையது. நான் சொன்னால் எடுபடும்.

மாயக்காள் ஒரு முறம் மொச்சைக்காயோடு வீட்டுக்கு வந்தாள். லத்தீபாவிடம் அதைக் கொடுத்துவிட்டு வாசற்படி ஓரமாக நின்றாள்.

"தம்பி, நீ எனக்காக ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேணாம். நடந்ததைச் சொன்னாப் போதும். அந்த வயலு ஒண்ணுதான் எம் புள்ளைக்கு."

"சொல்றேன்க்கா. கவலைப்படாமப் போங்க" என்றேன். சத்தியமாகச் சொல்லும் எண்ணத்தில்தான் சொன்னேன். என்னை எவ்வளவு கேவலமாக நினைத்தாலும் இதை மட்டும் நம்புங்கள்.

சாட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது தபால் வந்தது. விளாங்குடி மாலை வகுப்புக்கு என்னை ஆசிரியராக நியமித்த உத்தரவு. ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு முன்னால் அது வந்து விழுந்தது. லத்தீபா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று சோற்றை வைத்துவிட்டு அவள் திரும்பிக்கொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முத்திருளன் வந்தான். பணம் தருகிறேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன், கதை வேறாகப் போயிருக்கும். வெற்றிலையை மென்றுகொண்டு சாவகாசமாகப் பேசினான்.

"பாய், நான் ஒங்களைப் பொய் சொல்லச் சொல்லல. ஒங்க நோட்டுல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க. அது பொய்யின்னு நீங்களே சொன்னா, கவர்மெண்டை ஏமாத்துனது யாருன்னு கேப்பாக. சர்ட்டிபிகேட்டும் போயிரும், இந்தா வந்திருக்கே, இந்த ஆர்டரும் போயிரும். பெறகு ஜவுளிக்கடையிலகூடச் சேக்க மாட்டாக."

அவன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் என்னைக் கொன்றது.

லத்தீபாவிடம் சொன்னேன். அவள் உத்தரவை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அப்புறம், "பொய்ச் சத்தியம் ஹராம் மச்சான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா ஆர்டரு வந்துருச்சே" என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். எதை எடுத்துக்கொள்வது என்பதை என்னிடம் விட்டுவிட்டாள்.

கோர்ட்டுக்குப் போகும் வழியெல்லாம் உண்மையைத்தான் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். வளாகத்து வேப்பமரத்தடியில் மாயக்காள் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சாட்சி முன்பே முடிந்துவிட்டது. உள்ளே கூட்டம் என்று டவாலிச் சேவகன் அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

கூண்டில் ஏறினேன். ஆண்டவன் அறிய உண்மையே சொல்வேன் என்றேன். நோட்டைக் காட்டினார்கள். என் கையெழுத்துதான் என்றேன். தவசி வகுப்பில் சேரும்போது அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று வக்கீல் கேட்டார். பின்பக்கம் தவசி நின்றுகொண்டிருந்தான். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தெரியாது" என்றேன்.

சொல்லிவிட்டேன். அது என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. முன்சீப் தலையை நிமிர்த்தினார். நியாயமான மனுஷர்தான், சந்தேகம் அவருக்கும் இருந்தது. "ஒரு எழுத்துகூடத் தெரியாத நாற்பது வயது ஆள், ஆறு வாரத்தில் பேப்பர் வாசிக்கிற அளவுக்கு வரமுடியுமா? யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். அல்லா எனக்கு இரண்டாவது தடவையாக ஒரு கதவைத் திறந்து வைத்தான். 'முடியாது' என்ற ஒரு வார்த்தை போதும்.

கூண்டில் நிற்கும்போதும் எனக்குள் அந்த முதலாவது வந்தவன் செத்துத் தொலைக்கவில்லை. கோர்ட்டு முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "முறையாகச் சொல்லிக்கொடுத்தால் முடியும், அய்யா" என்றேன். அதோடு நிறுத்தாமல், முழுச் சொல்லைக் காட்டிப் பிறகு எழுத்தைப் பிரிக்கும் முறையை இரண்டு நிமிஷம் விளக்கினேன். முன்சீப் கவனமாகக் கேட்டுக்கொண்டு குறித்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது தவசி தாழ்வாரத்தில் நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவேண்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க மாப்ள எனக்கு" என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு அவன் என்னிடம் பேசவில்லை.

வேப்பமரத்தடியைச் சுற்றிப்போக வேறு வழியில்லை. மாயக்காள் எதிரே வந்தாள்.

"சொல்லிட்டியா தம்பி?"

"சொல்லிட்டேன்க்கா" என்றேன்.

"நல்லா இருப்ப" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு நாற்பதாம் வருஷம் ஆவணியில் வந்தது. உயில் செல்லாது. தவசி அன்றைக்கு அரசாங்கத்திடம் பொய் சொன்னானா, இன்றைக்குக் கோர்ட்டில் பொய் சொன்னானா, எப்படியானாலும் நம்பத்தக்க சாட்சி அல்ல என்று எழுதியிருந்ததாம். முத்திருளன் வயலில் இறங்கினான். தவசி வண்டியையும் மாட்டையும் விற்றுவிட்டு மேலூர்ப் பக்கம் கல் உடைக்கப் போய்விட்டான். பொய்ச்சாட்சிக்காரன் என்று பெயர் விழுந்தவனுக்கு எந்த வியாபாரி மூட்டையை நம்பிக் கொடுப்பான்?

நான் சர்ட்டிபிகேட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வகுப்புச் சுவரில் மாட்டினேன். புதுக் கரும்பலகை, சாக்குக்கட்டி, அட்டைகள், பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் சங்கத்திலிருந்து வந்து சேர்ந்தன. ஆள்தான் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், இருபது நாள். வீடு வீடாகப் போனேன். முன்பு என்னிடம் படித்த ஒருவன் வேலியோரமாகவே நின்று பதில் சொன்னான்.

"படிக்க ஆசைதான் அண்ணே. ஆனா ஒங்க நோட்டுல பேர் எழுதுனா நெலம் போயிரும்ங்கிறாக."

எனக்குக் கோபம் வந்தது. மடையர்கள், நோட்டு எப்படி நிலத்தைத் தின்னும் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. தின்றதை நானே பார்த்தவன், வாயை மூடிக்கொண்டு வந்தேன். மாதக் கடைசிக்குள் பத்துப் பேர் சேராவிட்டால் வகுப்பை மூடிவிடுவோம் என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். ஈசல்தான் வரும்.

அப்படி ஒரு நாள், பொழுது சாயும் நேரத்தில் மாயக்காள் வந்தாள். முழங்கால் வரை சேறு. நடவு முடித்து நேராக வருகிறாள். யார் வயலில் நடவு என்று நான் கேட்கவில்லை. ஊரில் அந்த வாரம் நடவு நடந்தது கண்மாய்க்கரையில்தான். தன் வயலிலேயே அவள் கூலிக்கு நட்டுவிட்டு வந்திருந்தாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். திட்டப்போகிறாள், மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் காலைத் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள்.

"எம் பேரை எழுதிக்க தம்பி."

"அக்கா, வேணாம்."

"ஏன் வேணாங்கிற? மத்தவுக பயப்புடுறாக, அவுகளுக்கு நெலம் இருக்கு. எங்கிட்ட இனிப் போறதுக்கு என்னத்த இருக்கு?"

இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே நாலாக மடித்த காகிதம். கோர்ட்டு நகல். தீர்ப்பு இங்கிலீஷில் இருக்கும், சாட்சி வாக்குமூலம் தமிழில் எழுதுவார்கள். இது என் வாக்குமூலம். மேலே என் பெயரும் தகப்பனார் பெயரும் எனக்குத் தலைகீழாகவே தெரிந்தன.

"அப்பீலுக்கு ஆகும்னு வக்கீல் குமாஸ்தா குடுத்தாரு. அப்பீலுக்கெல்லாம் நான் எங்க போக? ஆனா இதுல நீ சொன்னது இருக்காம்ல. தவசி ஒண்ணு சொல்றான். முத்திருளன் ஒண்ணு சொல்லிச் சிரிக்கிறான். குமாஸ்தாவும் அதையே சொல்றாரு. நான் நம்பல. ஜலாலு எங்கிட்ட வந்து 'சொல்லிட்டேன்க்கா'ன்னாரு, அவுக வீட்டு ஆளுக அப்பிடிப் பொய் சொல்ற ஆளுக இல்லன்னு நான் தெருத்தெருவாச் சண்டை போட்டுட்டு வாரேன். எழுதுனவன்தான் மாத்தி எழுதியிருப்பான். யாரும் கேக்க மாட்டேங்கிறாக. அதான், நானே வாசிச்சுக் காட்டிப்புடலாம்னு."

அவள் காகிதத்தை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, சேறு காய்ந்த விரலால் நீவிவிட்டாள்.

"இதை வாசிக்க எம்புட்டு நாளாகும் தம்பி?"

முன்சீப்புக்குச் சொன்ன பதில் நாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நாளாகும்க்கா" என்றேன்.

நோட்டைத் திறந்து அவள் பெயரை எழுதினேன். மாயக்காளே சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும் ஊரின் பயம் தெளிந்தது. அந்த மாதக் கடைசிக்குள் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். என் வேலை தப்பியது. ஞானாபரணம் சார் பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார்.

ஒரு மாதமாக அவள் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்கிறாள். மற்றவர்களுக்கு ஒருமுறைக்கு நாலுமுறை சொல்லவேண்டும், அவளுக்கு ஒருமுறை சொன்னால் போதும். வகுப்பு முடிந்ததும் முடிச்சை அவிழ்த்து, அன்றைக்குப் படித்த எழுத்துகள் அந்தக் காகிதத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடுகிறாள். நேற்று என் பெயரைக் கண்டுபிடித்து, விரல் வைத்து, சத்தமாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கற்றுக்கொடுத்தவர்களில் அவளைப் போல் கெட்டிக்காரி யாரும் இல்லை.